அம்மா வேடம் என்றால் என்ன குறைச்சல்?

மேடை நாடகத்தில் தொடங்கி சினிமா, சீரியல் என்று இன்றும் நடித்துக்கொண்டிருக்கிறேன். கடலூர், புதுச்சேரி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

முப்பதுகளிலேயே அம்மா வேடத்துக்குப் போனது வலித்ததா? (மஞ்சக்குப்பம் வாசகி)

வலித்தது. என்னைவிட வயதில் மூத்த நாயகனுக்கு அம்மாவாக நிற்கச் சொன்னார்கள். அறுபது வயதிலும் அவர்களுக்குக் காதல் பாட்டு உண்டு. நமக்கு முப்பத்தைந்திலேயே மாமியார் சேலையை நீட்டுவார்கள். இந்த அநியாயம் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த வேடங்கள்தான் எனக்கு நடிப்பைக் கற்றுக் கொடுத்தன. முடிக்கு வெள்ளை பூசினால் மட்டும் வயதாகிவிடாது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மாக்களை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எழும்போது முதலில் ஒரு கையைத் தரையில் ஊன்றுவார்கள். நின்றதும் உடனே நடக்க மாட்டார்கள். முட்டி பிடிப்பு விடும் வரை இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். யாரிடமாவது பேசிக்கொண்டேதான் அப்படி நிற்பார்கள், வலியைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அதை அப்படியே ஒரு காட்சியில் செய்தேன். ஒரே டேக்கில் ஓகே.

ஏன் திருமணம் செய்துகொள்ளவில்லை? (நெல்லிக்குப்பம் வாசகர்)

அமையவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பேசிய சம்பளம் முழுதாகக் கைக்கு வருமா? (முத்தியால்பேட்டை, புதிய நடிகை)

பேட்டா, அதாவது தினப்படி, பெரும்பாலும் அன்றைக்கே வந்துவிடும். சம்பளத்தில்தான் பாக்கி விழும். 'டப்பிங் முடிங்கம்மா, அப்புறம் செட்டில் பண்ணிடலாம்' என்பார்கள். ஒரு தயாரிப்பாளர் அப்படிச் சொன்ன பணம் எனக்கு இன்றுவரை வரவில்லை. குரல் கொடுத்துவிட்டால் நம் பிடி போய்விட்டது. அதனால் மீதிப் பணத்தை டப்பிங்குக்கு முன்பே கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அது உழைத்த காசு.

என் மகள் நடிக்க ஆசைப்படுகிறாள். பயமாக இருக்கிறது. (பண்ருட்டி, ஒரு தாய்)

உங்கள் பயம் நியாயமானது. ஆடிஷன் ஹோட்டல் அறையில், தனியாக வரவேண்டும் என்றால் போகவே வேண்டாம். அந்த வாய்ப்பு போனால் போகட்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். குழுவே இல்லையென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. இதை மகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். எங்கள் காலத்தில் சொல்ல ஆளில்லை.

முறையாக எங்கே கற்கலாம்? (வில்லியனூர், கல்லூரி மாணவர்)

புதுவைப் பல்கலைக்கழகத்திலேயே நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில்தான் காலமானார். கேமராவுக்கு முன் நிற்பதற்குள் கொஞ்ச நாளாவது மேடை ஏறுங்கள், குரல் பண்படும்.

உங்களுக்கு முன்மாதிரி யார்? (லாஸ்பேட்டை வாசகி)

டி.பி.ராஜலட்சுமி. மேடையிலிருந்து வந்து 1931இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' நாயகி ஆனார். அதோடு நிற்காமல் 1936இல் 'மிஸ் கமலா' படத்தை இயக்கினார். அவரை நினைத்துத்தான் நானும் ஒரு கதை எழுதி முடித்திருக்கிறேன். நாயகிக்கு ஐம்பத்தைந்து வயது. புதுச்சேரியில்தான் எடுப்பேன். தயாரிப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.