அம்மாவுக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: அம்மாவுக்கு 69 வயது. பல வருடமாகச் சர்க்கரை. இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் பார்த்து முடித்ததும் கவுன்சிலர் ஒரு விலை அட்டையை நீட்டினார்: ஒரு கண்ணுக்கு 26 ஆயிரம், 48 ஆயிரம், 90 ஆயிரம். '90-க்குப் போட்டால் கண்ணாடியே வேண்டாம்' என்கிறார். கடனை வாங்கியாவது போட்டுவிடலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கடன் வேண்டாம். கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லி விற்பது பெரும்பாலும் மல்டிஃபோகல் லென்ஸ். உள்ளே வரும் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாக அது பங்குபோடுகிறது. அதனால் சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், மங்கிய வெளிச்சத்தில் தெளிவு குறையும். விழித்திரை நன்றாக இருப்பவர்கள் இதற்குப் பழகிக்கொள்ளலாம். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால், இருக்கிற பார்வையிலும் கொஞ்சம் போகும். அதனால் லென்ஸ் பேச்சை எடுப்பதற்கு முன், கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் முதலில் அது நடக்கட்டும்.

26 ஆயிரத்தில் வருவது அநேகமாக மோனோஃபோகல். தூரம் தெளிவாகத் தெரியும், படிக்க மட்டும் கண்ணாடி வேண்டும். வெள்ளெழுத்து வந்த நாளிலிருந்து அம்மா போட்டுக்கொண்டிருப்பதுதானே அது! விலை குறைந்தால் தரமும் குறைவு என்று பயப்பட வேண்டாம். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணையோடு 1992-இல் தொடங்கிய ஆரோலேப், இறக்குமதி லென்ஸைவிடப் பல மடங்கு குறைந்த விலையில் இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. அவை வெளிநாடுகளுக்கும் போகின்றன.

நடுவில் இருக்கும் 48 ஆயிரத்தைத்தான் துருவிக் கேட்க வேண்டும். சில இடங்களில் அதே மோனோஃபோகல்தான், கம்பெனி மட்டும் வேறு. டோரிக் லென்ஸாக இருந்தால் கதை வேறு: கருவிழி வளைவு சமமாக இல்லாததால் வரும் சிலிண்டர் பவரை அது சரிசெய்யும். அம்மாவுக்கு அந்தப் பவர் அதிகம் என்றால் கூடுதல் பணம் கொடுக்க அது ஒன்றுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. 'பிளேடு இல்லாத லேசர்' என்று இன்னொரு தொகையைச் சேர்த்தால் தாராளமாக மறுக்கலாம். சின்னத் துளை வழியாகப் புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் வழக்கமான பேக்கோ முறையோடு ஒப்பிட்டால் கடைசியில் கிடைக்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதே பெரிய ஆய்வுகளில் கண்டது.

பணம் கட்டும்முன் பேக்கேஜில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். முன்பரிசோதனைகள், ஆபரேஷனுக்குப் பின் விடும் சொட்டு மருந்து, மறுபரிசோதனைக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் தனியாக முளைக்கும். லென்ஸ் பெட்டியில் மாடல், பவர், சீரியல் எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஒன்று உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பில்லில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் பாலிசியைப் புரட்டிவிட்டுப் போங்கள். பலவற்றில் கண்புரைக்கு 2 வருடம் காத்திருப்பும், ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும் உண்டு. 26 ஆயிரமே பாரம் என்றால் அரசு மருத்துவமனையில் லென்ஸோடு இலவசமாகவே செய்கிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

சில மாதமோ வருடமோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், 'புரை திரும்ப வந்துவிட்டது' என்று யாராவது சொல்வார்கள். புரை திரும்ப வராது. லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கியிருக்கலாம்; அப்படியென்றால் யாக் லேசரில் சில நிமிட வேலை.

கேள்வி: அப்பாவுக்குப் புரை ஆரம்ப நிலை. லூட்டீன் மாத்திரை சாப்பிட்டால் கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மாதம் 900 ரூபாய். வாங்கலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: புரையைக் கரைக்கும் மாத்திரையும் இல்லை, சொட்டும் இல்லை. லூட்டீன் பேச்சு கிளம்பிய இடம் வேறு. விழித்திரையின் மையம் வயதால் தேயும் நோய்க்கு அமெரிக்காவில் ஏரெட்ஸ்-2 என்ற ஆய்வு நடந்து 2013-இல் முடிவு வந்தது. லூட்டீன் 10 மி.கி., சியாசாந்தின் 2 மி.கி., அவற்றோடு விட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம் சேர்ந்த கலவை அது. அந்த நோய் நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு, முற்றுவதைத் தள்ளிப்போட உதவும். நோயே இல்லாதவர்களுக்கு வராமல் தடுப்பதாகத் தெரியவில்லை. அப்பாவுக்கு அந்த நோய் இருக்கிறது என்று டாக்டர் சொன்னால் வாங்குங்கள். அப்போதும் அட்டையில் அளவைப் படியுங்கள், லூட்டீன் பெயருக்கு மட்டும் இருக்கும் பிராண்டுகளும் உண்டு. புகை பிடிப்பவர் அல்லது முன்பு பிடித்தவர் என்றால் பீட்டா கரோட்டின் சேர்ந்தது வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தை அது கூட்டுகிறது. விழித்திரை நோய் இல்லையென்றால் அந்த 900-ஐ வருடத்துக்கு ஒருமுறை கண் பிரஷரையும் விழித்திரையையும் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண் சிவந்தால் மாமியார் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே சொட்டை வாங்கி விட்டுக்கொள்கிறார். உடனே சரியாகிறது. தப்பா?
— வாசகி, சேலம்

பதில்: தப்புதான். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு சட்டென்று அடங்குவது அதனால்தான். டாக்டர் கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் விட்டால் கண் பிரஷர் ஏறும்; வலி இல்லாமலே பார்வை நரம்பு கெடும், புரையும் சீக்கிரம் வரும். இதுவரை எத்தனை பாட்டில் போயிருக்கும் என்று கணக்குப் பார்த்து, பிரஷர் சோதனைக்கு அழைத்துப் போங்கள். அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.