ஏழு வயதுப் பிள்ளைக்கு அறுபத்தேழு வயதுக் குரல்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டிலிருந்தே ஒலிப்புத்தகங்கள் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறார். இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்கு அவருடைய பதில்கள்.

கேள்வி: டீச்சர், எனக்கு வயது 61. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சிறுவர் கதைகளை வாசித்துப் பதிவு செய்து பழகுகிறேன். ஏழு வயதுச் சிறுமி பேசும் இடம் வந்தால் குரலை மேலே ஏற்றிப் பேசுகிறேன். 'அப்பா, எலி பேசுற மாதிரி இருக்கு' என்கிறாள் என் மகள். என்ன செய்யலாம்?
*மார்த்தாண்டம் வாசகர்*

மகள் சொன்னது சரிதான் சார். நானும் எலியாக இருந்தவள்தான். என் முதல் புத்தகத்தில் ஒரு ஏழு வயதுக்காரிக்குக் கீச்சுக்குரல் வைத்தேன். இரண்டு அத்தியாயம் வரை எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். ஒன்பதாவதில் தொண்டை கட்டிவிட்டது. அந்தக் கீச்சு எப்படி வந்தது என்பதும் மறந்துபோயிற்று. பதிவைக் கேட்டவர் போனில், "டீச்சர், பிள்ளை நடுவுல வயசுக்கு வந்துட்டா போல" என்றார். அவள் பேசும் இடங்கள் அத்தனையையும் முதலிலிருந்து திரும்ப வாசித்தேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அரை நிமிடம் பேசி செல்போனில் தனியாக வைத்துக்கொள்கிறேன். மறுநாள் உட்காரும்போது முதலில் அதைக் கேட்டுவிடுவேன்.

ஏற்றிப் பேசினால் ஏன் எலியாகிறது? வளர்ந்த ஆண் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவை அதிரும். சின்னப் பிள்ளைக்கு அது 250, 300 என்று போகும். முக்கி முக்கி நாம் அங்கே ஏறிவிடலாம். ஆனால் குரல்வளையிலிருந்து உதடு வரை உள்ள குழாய் உங்களுக்கு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். பிள்ளைக்குச் சில சென்டிமீட்டர் குட்டை. புட்டுக்குழலில் ஊதினால் ஒரு சத்தம், பேனா மூடியில் ஊதினால் வேறு சத்தம் இல்லையா? புட்டுக்குழலை வைத்துக்கொண்டு பேனா மூடியாக நடித்தால் கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் குரலை ஒரு படி மட்டும் ஏற்றுங்கள், போதும். சிரிக்கப் போகிறவர் மாதிரி உதட்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு பேசுங்கள். குழாய் அந்த அளவுக்குக் குறுகும்.

மிச்சமெல்லாம் மூச்சில் இருக்கிறது. காலையில் முக்கில் பள்ளி வேனுக்கு நிற்கும் பிள்ளைகள் பக்கத்தில் போய் நின்று கேளுங்கள். நாம் வாக்கியம் முடிகிற இடத்தில் மூச்சு வாங்குவோம். பிள்ளைகள் மூச்சு தீர்ந்த இடத்தில் வாங்கும். "நான் ஓடி ஓடி ஓடிப் போயி மதிலுக்க மேல" என்று ஒரே ஓட்டமாக வந்து, ஒரு பெரிய மூச்சு இழுத்து, "ஏறிட்டேன்!" என்று கடைசி வினைச்சொல்லைத் தனியாகத் தூக்கிப் போடும். இந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் உங்கள் சொந்தக் குரலிலேயே பாதிப் பிள்ளை வந்துவிடும்.

மழலை மட்டும் வேண்டவே வேண்டாம். ரகரத்தை லகரமாக்கிக் கொஞ்சுவது மூன்று வயதுக்கு. ஏழு வயதுக்காரி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என் வகுப்பில் ஒருத்தி, விளையாடக் கூப்பிட்ட பிள்ளைகளிடம், "எனக்கு நெறைய சோலி கெடக்கு, போங்க" என்று சொல்லிவிட்டுப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அதை வாசிக்கும்போது நமக்கு வருகிற சிரிப்பு குரலில் எட்டிப் பார்க்கக் கூடாது. அவளுக்கு உண்மையிலேயே சோலி கிடந்தது.

இன்னொன்று. நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பக்கம் தோல்பாவைக்கூத்து நடக்கும். திரைக்குப் பின்னால் ராமனும் ராவணனும் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் எல்லாம் ஒரே ஆள்தான் என்று யாரோ சொன்னதை நம்பாமல், பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்த்தேன். யாரும் அவர் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் ஆளுக்கு ஒரு முகம் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்; ஒருவனுக்குத் தாடை முன்னால் வந்தது, ஒருவனுக்குத் தோள் ஏறியது. அதை நினைத்துத்தான் நானும் பிள்ளைகள் பேசும் பக்கங்களுக்கு உயரமான ஸ்டூலில் ஏறிக்கொள்கிறேன். கால் தரையைத் தொடாது. மூட்டுவலிக்காரி செய்கிற வேலையா இது என்று வீட்டில் திட்டு விழும்.

கேள்வி: நாவலில் வரும் பிள்ளைகள் நம் மாவட்டப் பேச்சு பேசுகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டுமே என்று பொதுவான தமிழுக்கு மாற்றி வாசிக்கலாமா?
*இரணியல் வாசகி*

மாற்றக் கூடாதும்மா. எழுதியவர் எழுதிய சொல்லை மாற்ற நாம் யார்? ஆனால் சிக்கல் வரும். ஒரு கதையில் சிறுவன் அழுதுகொண்டே, "எங்க நாயி செத்துப் போயிட்டு" என்பான். நம் பேச்சில் 'போயிட்டு' என்றால் 'போய்விட்டது'. நமக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? சென்னையில் பதிவைச் சரிபார்த்த தம்பி போன் செய்தார்: "டீச்சர், வாக்கியம் பாதியில நிக்குது. செத்துப் போயிட்டு... அப்புறம் என்ன பண்ணுச்சு?" சிரிப்பு அடங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் அதே வரியைத் திரும்ப வாசித்தேன். சொல்லை மாற்றவில்லை. 'போயிட்டு' என்கிற இடத்தில் குரலை நன்றாகக் கீழே இறக்கி, ஒரு நொடி சும்மா இருந்தேன். தம்பிக்குப் புரிந்துவிட்டது.

மாவட்டப் பேச்சு என்று ஒன்றாகச் சொல்கிறோமே தவிர, 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும்வரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த மண் இது. விளவங்கோடு பக்கம் மலையாள வாடை அடிக்கும், தோவாளை பக்கம் நாஞ்சில் நாட்டு இழுப்பு, கடற்கரையில் வேகமே வேறு. தோவாளைப் பிள்ளை பேச வேண்டியிருந்தால் அங்கே இருக்கிற என் மைனிக்குப் போன் போட்டு, பேரனைப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன்.

கேள்வி: எனக்கு வயது 64. குரல் வருடா வருடம் கனத்துக்கொண்டே போகிறது. இனிமேல் பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பதை விட்டுவிட வேண்டியதுதானா?
*குளச்சல் வாசகி*

எனக்குப் போனில் 'சார்' என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மாதவிடாய் நின்றபின் நம் குரல்நாண்கள் தடித்து, குரல் இறங்கும். ஆண்களுக்கு வயதானால் நாண் மெலிந்து குரல் ஏறுவதும் உண்டு. இதற்காக எதையும் விட வேண்டாம். என் பேத்தி பார்க்கிற கார்ட்டூனில் வரும் டோரேமானுக்கு ஜப்பானில் நொபுயோ ஓயாமா என்ற அம்மா 1979-லிருந்து 2005 வரை குரல் கொடுத்தார். நிறுத்தும்போது அவருக்கு வயது 71.

பிள்ளைகள் பேசும் பகுதியைத் தொண்டை களைப்பதற்கு முன் முதலிலேயே வாசித்துவிடுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். தொண்டை கட்டினால் கிசுகிசுத்துச் சமாளிக்காதீர்கள், அது இன்னும் கெடுக்கும், பேசாமல் இருங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், கஷாயத்தோடு நிற்காதீர்கள்.

எனக்குக் குரல் தெளிந்து வருவது காலை பத்து மணிக்கு. ஊர் அமைதியாக இருப்பது அதிகாலை மூன்றுக்கு. நாலரைக்கெல்லாம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் பைக் சத்தம் தொடங்கிவிடும், அப்புறம் ஒலிபெருக்கி, மழைக்காலம் என்றால் ஓட்டின்மேல் மழை. இந்த இரண்டு நேரத்தையும் எப்படிச் சேர்ப்பது என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கேள்வி: எதற்கு இந்தப் பாடு? ஒரு சின்னப் பிள்ளையையே வாசிக்க வைத்துவிடலாமே?
*நாகர்கோவில் வாசகர்*

நாடகம் என்றால் வைக்கலாம், அழகாக இருக்கும். ஒலிப்புத்தகம் ஏழெட்டு மணி நேரம் ஓடும். அதைப் பதிவு செய்ய இரண்டு மடங்கு நேரமாவது உட்கார வேண்டும். 1984-ல் நாகர்கோவில் வானொலி தொடங்கியபின், ஒருமுறை என் வகுப்புப் பிள்ளைகளைச் சிறுவர் நிகழ்ச்சிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். ஒரு பயல் பிரமாதமாகக் கதை சொன்னான், நாலு நிமிடம். ஐந்தாவது நிமிடம் மைக்குக்கு நேராகவே, "டீச்சர், ஒண்ணுக்கு" என்றான்.