ஈரத்தோடு மடிப்பது

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் மனைவி, ஒன்பதும் ஆறும் வயதான இரண்டு பிள்ளைகள், மாமி ஆகியோருடன் வசிக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை இரண்டு இரவு கூடாரத்தில் தங்கவைக்க நினைக்கிறோம். நக்கிள்ஸ் மலைப்பக்கம் போக ஆசை. கையில் இருப்பது 25,000 ரூபாய். அதற்குள் நால்வர் கூடாரம் வாங்குவதா, அறுவர் கூடாரம் வாங்குவதா? வீசினால் தானாக விரியும் வகை நல்லதா? எந்த நிறம்? வருடத்தில் ஒரு தடவைதான் எடுப்போம், மற்ற நாளெல்லாம் அலுமாரிக்கு மேலே கிடக்கும் என்பதால் மலிவானதே போதும் என்று எண்ணுகிறேன். மாமியையும் கூப்பிட்டோம். "செட்டிகுளம் முகாமில கூடாரத்துக்குள்ள படுத்தது காணாதே, இனிக் காசு குடுத்தும் படுக்கவேணுமே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

வாசகர் ஒருவர், கொழும்பு 6

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த கிழமைதான் நானும் எங்கள் அலுமாரியின் மேற்தட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகு அதில் கை வைக்க எனக்கு மனம் வந்திருக்கவில்லை. அங்கே, ஒரு பழைய பருத்திச் சேலைக்குள் சுற்றியபடி, அவர் காப்பாற்றி வைத்த நீலத் தறப்பாள் இருந்தது. அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

நிறத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். தானாக விரியும் கூடாரம் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை ஒற்றைத் துணியாலானவை, வளையம் ஒருமுறை முறிந்தால் மாற்றுவதும் கடினம். டிசம்பரில் நக்கிள்ஸ் என்பதை மறுபடி யோசியுங்கள். வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை அந்த மலைகளின் கிழக்குச் சரிவில்தான் கொட்டும், அந்த மாதங்களில் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் சிறுபிள்ளைகளோடு மலைச்சரிவில் படுப்பது வீரம் அல்ல.

நால்வர் கூடாரம் என்று உறையில் அச்சிட்டிருந்தால், ஆளுக்கு ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் அகலம் கொடுத்து நான்கு உடல்களை நெருக்கி அடுக்கிய கணக்கு அது. பைகளுக்கும் சப்பாத்துகளுக்கும் அதில் இடமில்லை. ஆனாலும் உங்கள் பிள்ளைகள் சிறியவர்கள். வாசலில் பை வைக்கும் அளவுக்குச் சிறிய முன்கூரையுள்ள நால்வர் கூடாரமே உங்களுக்குக் காணும். அறுவர் கூடாரம் இந்தப் பணத்துக்குக் கிடைக்கிறது என்றால் துணியிலும் தண்டிலும் மிச்சம் பிடித்துத்தான் கிடைக்கிறது; உயரமான கூரையும் மெல்லிய பைபர் கிளாஸ் தண்டும் சேர்ந்தால் முதல் காற்றிலேயே நார் நாராகப் பிளக்கும். அதைவிடப் பெரிய காரணம், உங்கள் வீட்டில் அதைக் காயவைக்க இடமில்லை.

இங்கேதான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வருடத்தில் ஒரு தடவைதான் எடுப்போம், ஆகவே மலிவானது போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். கொழும்பில் கூடாரம் மழையில் கெட்டுப்போவதில்லை, தம்பி. அலுமாரியின் மேலே கெட்டுப்போகிறது. உள்கூடாரத்தின் மேலே மழைக்குப் போர்த்தும் மேல்விரிப்பின் உட்பக்கத்தில் தண்ணீரைத் தடுக்கும் பொலியூரித்தேன் பூச்சு ஒன்று இருக்கிறது. உறையில் 2,000, 3,000 மில்லிமீற்றர் என்று போட்டிருப்பது அந்தப் பூச்சின் வலுவை: துணியின் மேல் நிறுத்திய குழாயில் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பும்வரை அது ஒழுகாது என்பது பொருள். ஆனால் அதே பூச்சைச் சூடும் ஈரப்பதமும் சேர்ந்து இரசாயன முறையில் உடைக்கின்றன. மலிவான கூடாரங்களில் பூசும் வகை இன்னும் விரைவாக உடைகிறது. ஈரத்துடன் இறுக்கிச் சுருட்டிப் பைக்குள் திணித்து, கொழும்பின் புழுக்கத்தில் மேற்தட்டில் வைத்தால், 3,000 என்ற எண்ணுக்கு அடுத்த டிசம்பரில் ஒரு பொருளும் இருக்காது.

மழையே பெய்யவில்லை, ஏன் காயவைக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். நான்கு பேர் இரவு முழுவதும் விடும் மூச்சு மேல்விரிப்பின் உட்பக்கத்தில் நீராகப் படியும், வெளியே பனி இறங்கும். வெயில் காலத்திலும் கூடாரம் காலையில் ஈரமாகத்தான் எழும்பும்.

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்தது அல்ல. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, போர் நெருங்கிவர, யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டுச் சனத்தோடு சனமாக நடந்தபோது எனக்குப் பதினான்கு வயது. தென்மராட்சியில் சில மாதங்கள் இருந்துவிட்டு வன்னிக்குப் போனோம். அங்கே ஒரு பாலை மரத்தடியில் ஒரு தறப்பாளின் கீழ் இரண்டு மாரியைக் கழித்தோம். அம்மா அடுப்பு மூட்டுவதற்கு முன்னரே எழுந்து, பழந்துணி ஒன்றை நான்காக மடித்து, தறப்பாளின் உட்பக்கத்தைத் துடைப்பார். வெயில் வந்ததும் இறக்கிப் புரட்டி வேலியில் போடுவார். மடித்து வைக்க நேர்ந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் மடிப்பார், ஏனென்றால் ஒரே மடிப்பு திரும்பத் திரும்ப விழுந்தால் அந்தக் கோட்டில்தான் முதலில் வெடிக்கும். "ஈரத்தோட மடிச்சியெண்டால் அடுத்த மழைக்கு அது உனக்கில்லை" என்பார். அந்த வயதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு, 2016 இல், என் பிள்ளைகளுக்காக ஒரு கூடாரம் வாங்கிக் கற்பிட்டிக்குக் கொண்டுபோனேன். அம்மாவும் வந்தார், கூடாரத்துக்குக் கீழே விரிக்கத் தன் நீலத் தறப்பாளையும் கொண்டுவந்தார். ஞாயிறு இரவு திரும்பி, அடுத்த நாள் வேலைக்குப் போகும் அவசரத்தில் கூடாரத்தை அப்படியே மேலே எறிந்துவிட்டேன். "காயவிட்டனியோ?" என்று அம்மா கேட்டார். ஓம் என்று பொய் சொன்னேன். எட்டு மாதம் கழித்துப் பையைத் திறந்தபோது குழந்தை கக்கிய பாலைப்போல ஒரு புளித்த நாற்றம் அறை முழுவதும் எழும்பியது. துணி துணியோடு ஒட்டியிருந்தது. அம்மா ஒரு வார்த்தையும் சொல்லாமல் மேல்விரிப்பை மடியில் எடுத்துப் பெருவிரலால் தேய்த்தார். பூச்சு தோல் உரிவதைப்போலச் சுருள் சுருளாக அவருடைய விரலில் வந்தது. அன்றே தன் தறப்பாளைத் தண்ணீரில் அலசிக் காயவைத்துச் சேலையில் சுற்றினார்.

வெள்ளவத்தையில் நீங்கள் கடற்காற்றுக்குள் இருக்கிறீர்கள், அது இன்னொரு சிக்கல். பல்கனியில் நாட்கணக்கில் தொங்கவிட்டால் துணியில் உப்புப் படியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், எவ்வளவு காய்ந்தாலும் தொட்டால் பிசுபிசுக்கும். ஆகவே திரும்பி வந்த அன்றே சவர்க்காரம் போடாமல் நல்ல தண்ணீரில் அலசி, நேர் வெயில் நெடுநேரம் படாத இடத்தில் மின்விசிறியின் கீழ் காயவிடுங்கள், தையல்களும் விளிம்புப் பட்டிகளும் கடைசியில்தான் காயும் என்பதால் அவற்றை விரலால் தொட்டுப் பாருங்கள். உறைக்குள் திணிக்காமல் தளர்வாகப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

கடைக்குப் போகும்போது பார்க்க வேண்டியவை: உள்கூடாரமும் மேல்விரிப்பும் தனித்தனியாக இருப்பது, மேல்விரிப்பு இடுப்போடு நிற்காமல் நிலம்வரை இறங்குவது, அதன் தையல்களின் உட்பக்கத்தில் பட்டி ஒட்டியிருப்பது. பணத்தில் சிறிது மிச்சம் பிடித்துத் தரைக்குத் தறப்பாள் ஒன்றும் தடித்த முளைகளும் வாங்குங்கள்; கூடாரத்துடன் வரும் கம்பி முளை எங்கள் மணலில் நிற்காது.

இனி உங்கள் மாமி. நீங்கள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. 2009 இல் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வந்த 250,000க்கும் மேற்பட்ட மக்கள் வவுனியாவில் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். ஆகஸ்டில் பெய்த மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அவர் கேட்ட கேள்விக்கு உங்கள் வீட்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவரை வற்புறுத்தி அழைத்துப் போகாதீர்கள். அவருக்குத் துணையாக யாராவது வீட்டில் இருக்க ஒழுங்கு செய்துவிட்டுப் போங்கள். என் அம்மா கற்பிட்டிக்கு வந்தது அவருடைய விருப்பம். உங்கள் மாமி வராமல் இருப்பதும் அப்படியே.

பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் கூடாரத்தை மொட்டைமாடியில் அடித்து, மேலிருந்து நான்கு வாளி தண்ணீர் ஊற்றி, ஒழுகினால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அன்று அதை மாமிக்கு முதலே சொல்லிவிடுங்கள், திடீரென்று அவர் கண்ணில் படக்கூடாது. அவர் மேலே வராவிட்டால் விட்டுவிடுங்கள். வந்து, தானாகத் துணியைத் தொட்டுப் பார்த்தால், பழைய பருத்திச் சேலை ஒன்று தருவாரா என்று கேளுங்கள்.