மாடிப்படியில் நிற்பது வயதினாலா, வால்வினாலா?

கேள்வி: எனக்கு வயது 63. இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பு, கண் அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையின்போது இதயத்தில் ஏதோ ஒலி கேட்பதாகக் கூறி எக்கோ (இதயத்தின் ஒலியலை ஸ்கேன்) எடுத்தார்கள். பெருந்தமனி வால்வில் மிதமான சுருக்கம் இருப்பதாக அறிக்கை வந்தது. ஓராண்டு கழித்து மீண்டும் வரச் சொன்னார்கள். தொந்தரவு எதுவும் இல்லாததால் நான் போகவில்லை. சில மாதங்களாக இரண்டாம் மாடிக்கு ஏறும்போது நடுவில் ஒருமுறை நின்றுதான் செல்கிறேன். மாலை வேளைகளில் கணுக்கால் சற்று வீங்குகிறது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறேன். நான் முன்போல் நடப்பதில்லை என்கிறார் என் மனைவி; வயதானால் அப்படித்தான் என்பது என் எண்ணம். வால்வு நோயின் அறிகுறிகளை எப்படி அறிவது? நடைப்பயிற்சியைத் தொடரலாமா?

பதில்: தொந்தரவு எதுவும் இல்லை என்று எழுதிய நீங்களே, மாடிப்படியில் நடுவில் நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வால்வு நோயாளிகள் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. வால்வு ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்குவதால், மூச்சு வாங்கும் இடத்தை மனிதர்கள் தங்களை அறியாமலே தவிர்க்கப் பழகிக்கொள்கிறார்கள்: வேகத்தைக் குறைக்கிறார்கள், படிக்குப் பதில் லிஃப்டைத் தேடுகிறார்கள், சுமையை வேறொருவர் கையில் கொடுக்கிறார்கள். ஆகவே, மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். சென்ற ஆண்டு செய்த எந்த வேலையை இந்த ஆண்டு செய்வதில்லை என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். உங்கள் மனைவி அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்.

இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. நல்ல நிலையில் அது 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். சுண்ணாம்புச்சத்து படிந்து இதழ்கள் விறைக்கும்போது இந்த அளவு குறைகிறது. 1 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் கடுமையான சுருக்கம் என்போம். குழாயின் வாயை விரலால் அடைத்தால் நீர் பீறிடுவதுபோல, சுருங்கிய வால்வின் வழியே ரத்தம் வேகமாகப் பாய்கிறது. எக்கோ அறிக்கையில் அந்த வேகம் நொடிக்கு 4 மீட்டரை எட்டியிருந்தால் அதுவும் கடுமையான நிலையின் அடையாளம்தான். மிதமான சுருக்கம் உள்ளவர்களுக்கு இந்த வேகம் சராசரியாக ஆண்டுக்கு நொடிக்கு 0.3 மீட்டர் வீதம் கூடுகிறது. சிலருக்கு அதைவிட விரைவாகவும் கூடலாம். மிதமான நிலையில் ஓராண்டு முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை எக்கோ எடுக்கச் சொல்வது இதனால்தான். உங்கள் கையில் இருக்கும் அறிக்கை இரண்டரை ஆண்டுப் பழையது. அதைக் கொண்டு இன்றைய நிலையைச் சொல்ல என்னாலும் முடியாது, வேறு எவராலும் முடியாது.

இந்த வால்வு சுருக்கத்தில் மூன்று அறிகுறிகளைக் கண்டால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்: உழைக்கும்போது மூச்சு வாங்குதல், உழைக்கும்போது நெஞ்சில் இறுக்கம், உழைப்பின் நடுவிலோ அதை ஒட்டியோ தலைசுற்றி மயங்குதல். சுருக்கம் கடுமையாகி இவற்றில் ஒன்று தலைகாட்டிய பிறகு வால்வை மாற்றாமல் விட்டால், ஆயுள் சராசரியாக 2 முதல் 5 ஆண்டுகளே என்பது நெடுநாளாக அறிந்த உண்மை. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் தள்ளிப்போடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

மற்ற வால்வுகள் பழுதானால் அறிகுறிகள் சற்று வேறுபடும். இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வு சுருங்கினாலோ கசிந்தாலோ ரத்தம் நுரையீரலில் தேங்கும். தட்டையாகப் படுத்தால் இருமலும் மூச்சுத் திணறலும் வரும், நள்ளிரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கும். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் படபடப்பும் இதில் அதிகம். அதனால் இதயத்தில் ரத்தக்கட்டி உருவாகிப் பக்கவாதம் வரலாம் என்பதால், படபடப்பு புதிதாகத் தோன்றினால் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். இளவயதில் வரும் மைட்ரல் சுருக்கத்துக்குப் பெரும்பாலும் சிறுபிராயத்தில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலே காரணம். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு கூடும்போதுதான் பலருக்கு அது முதன்முதலாக வெளிப்படுகிறது.

உங்கள் கணுக்கால் வீக்கத்தை உடனே வால்வின் தலையில் சுமத்த வேண்டாம். அம்லோடிபின் மாத்திரையே பலருக்கு அப்படி வீக்கம் தரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மருத்துவர் இரண்டையும் பிரித்தறிவார். ஆனால் இரண்டு மூன்று நாட்களில் எடை 2 கிலோவுக்கு மேல் கூடினால், அது உடலில் நீர் தேங்குவதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால் அன்றே தெரிவியுங்கள். மயக்கம் வந்தாலோ, ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு இறுகினாலோ, மூச்சுத் திணறினாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

நடைப்பயிற்சியைப் பொறுத்தவரை, புதிய எக்கோ வரும் வரை சமதளத்தில், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடக்கலாம். மூச்சு வாங்கினாலோ தலை கிறுகிறுத்தாலோ நின்றுவிடுங்கள். கனமான பொருளைத் தூக்குவது வேண்டாம். எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பார்ப்பதற்காக வேகமாகப் படியேறிச் சோதிப்பதும் கூடவே கூடாது. நோயாளிகள் செய்யும் விபரீதமான சோதனை இது.

சுருக்கத்தைத் தடுத்து நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் உதவும் என்று ஒரு காலத்தில் நம்பினோம். ஆய்வுகள் அதை மெய்ப்பிக்கவில்லை. கடுமையான சுருக்கம் உறுதியானால் வால்வை மாற்றுவதே வழி. மார்பைத் திறந்து மாற்றலாம். அல்லது 2002இல் பிரான்சில் அலைன் கிரிபியே முதன்முதலாகச் செய்ததுபோல, ரத்தக்குழாய் வழியே புதிய வால்வைக் கொண்டுசென்று பொருத்தலாம். உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் வாழ்நாள் முழுவதும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மாத்திரையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை அடிக்கடியும் வேண்டும். விலங்குத் திசுவால் ஆன வால்வுக்கு அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை. அது 10 முதல் 15 ஆண்டுகளில் தேயலாம். 63 வயது இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வயது என்பதால், அந்த முடிவை அவசரப்படாமல் பேசி எடுக்கலாம்.

அதற்கெல்லாம் முன்னதாக இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். பழைய எக்கோ அறிக்கையையும், சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். படியில் நீங்கள் நிற்க ஆரம்பித்தது எப்போது என்பது உங்களைவிட அவருக்கு நன்றாக நினைவிருக்கும்.