எஃப்டி (ஃபிக்சட் டெபாசிட்) பத்தி நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

காரைக்குடியில ஒரு பேங்க்ல டெபாசிட் கவுண்டர்லயே ரொம்ப வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கேட்டவங்க எல்லாருக்கும் சேர்த்து எழுதுறேன்.

தேவகோட்டை ஆச்சி ஒருத்தங்க: 7 பெர்சன்ட்னுதானே ஒரு லட்சம் போட்டேன், வருஷ முடிவுல 1,07,186 வந்திருக்கே, தப்பா ஏத்திட்டாங்களா?

தப்பில்ல ஆச்சி. மூணு மாசத்துக்கு ஒருக்க வட்டிய அசலோட சேர்த்துருவாங்க, அப்புறம் அந்த வட்டிக்கும் வட்டி ஓடும். அஞ்சு வருஷம் கை வைக்காம விட்டா 1,41,478 வரும், அப்பப்ப வட்டிய வாங்கிச் செலவழிச்சா மொத்த வட்டி 35,000தான். மாசாமாசம் வேணும்னா 583 வராது, 580 கிட்டதான், சீக்கிரமே குடுக்கறதால கொஞ்சம் கழிச்சுப்பாங்க.

புதுவயல், ரைஸ்மில் வச்சிருக்கவரு: ரெண்டு வருஷத்துக்குப் போட்டேன், எட்டாவது மாசமே நெல்லு வாங்க பணம் வேணும். ஒடச்சா எவ்வளவு போகும்?

ரெண்டு வருஷ ரேட்ட மறந்துருங்கண்ணே. போட்ட அன்னைக்கு எட்டு மாசத்துக்கு என்ன ரேட் இருந்துச்சோ அதுல அரை பெர்சன்ட்டோ ஒரு பெர்சன்ட்டோ கழிச்சுத்தான் தருவாங்க. மாச வட்டி வாங்கிட்டு இருந்தீங்கன்னா, கூடுதலா வாங்குனத அசல்லயே பிடிப்பாங்க, போட்டதுக்குக் கம்மியா வருதேன்னு கவுண்டர்ல எத்தனை பேரு எங்கிட்ட சண்டை போட்டிருக்காக தெரியுமா. ரெண்டு மாசத்துல பணம் திரும்பிரும்னா ஒடைக்காதீங்க, அது மேலயே லோன் கேளுங்க, 90 பெர்சன்ட் வரைக்கும் கிடைக்கும், எஃப்டி வட்டிக்கு மேல ஒண்ணு ரெண்டு பெர்சன்ட்தான் வரும். அடுத்த தடவை பத்து லட்சத்த ஒரே ரசீதா போடாம ரெண்டு ரெண்டா அஞ்சு ரசீது போட்டுருங்க, தேவைக்கு ஒண்ண மட்டும் ஒடச்சுக்கலாம். வரிச்சலுகைக்குன்னு போடற அஞ்சு வருஷ எஃப்டிய மட்டும் நடுவுல ஒடைக்கவும் முடியாது, லோனும் கிடையாது.

கானாடுகாத்தான், தம்பி ஒருத்தர்: வீட்டுப் பங்கு வித்ததுல அப்பச்சிக்கு, அதாவது எங்க அப்பாவுக்கு, 20 லட்சம் வந்திருக்கு. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி 11 தர்றோங்கறாங்க, போடலாமா?

தம்பி, இதுக்கு நான் வளவளன்னுதான் சொல்லுவேன், பொறுத்துக்கங்க. எங்க சின்னத்தா ஒரு கம்பெனில 15 பெர்சன்ட்டுக்குப் போட்டாக. ஒன்றரை வருஷம் வட்டி டாண்ணு வந்துச்சு, அப்புறம் ஒருநாள் கதவுல பூட்டு. அந்த ரசீத மஞ்சப்பையில மடிச்சு வச்சு, மடிப்புல கிழிஞ்சு போய், செலோடேப் ஒட்டி அதையும் மடிச்சு வச்சிருந்தாக. போற வரைக்கும் அசல் வரல. அந்தப் பைய இன்னும் என்னால மறக்க முடியல.

பேங்க்ல போட்டா ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல, எத்தனை கிளையில இருந்தாலும் எல்லாம் சேர்த்து, அசலும் வட்டியுமா 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் உண்டு, 2020 பிப்ரவரிக்கு முன்னாடி அது ஒரு லட்சமாத்தான் இருந்துச்சு. கம்பெனி டெபாசிட்டுக்கு அது கிடையவே கிடையாது. அப்பச்சிக்கு 60 தாண்டிருச்சுன்னா போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் திட்டம் இருக்கு, சர்க்கார் பொறுப்பு, 30 லட்சம் வரைக்கும் போடலாம், மூணு மாசத்துக்கு ஒருக்க வட்டி கைக்கு வந்துரும். 2023 ஏப்ரல்ல வட்டிய 8.2 ஆக்குனாங்க. போடற அன்னைக்கு என்ன ரேட்டோ அதுதான் அஞ்சு வருஷமும், நடுவுல சர்க்கார் குறைச்சாலும் உங்களுக்குக் குறையாது. மூணு பெர்சன்ட் கூட வருதுன்னு அப்பச்சியோட கடைசிக் காசக் கொண்டுபோய்க் குடுக்காதீங்க தம்பி.

பள்ளத்தூர்: வட்டியில டிடிஎஸ் பிடிச்சிட்டாங்க, போச்சா?

போகல. டிடிஎஸ்ங்கறது வட்டி குடுக்கறப்பவே பேங்க் பிடிச்சுக் கட்டற வருமான வரிதான். 2025 ஏப்ரல்ல இருந்து வருஷ வட்டி 50,000 தாண்டினா, சீனியர்னா ஒரு லட்சம் தாண்டினா, பத்து பெர்சன்ட் பிடிப்பாங்க, பான் குடுக்கலேன்னா இருபது. உங்களுக்கு வரியே வராதுன்னா வருமான வரி ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கலாம்.

கொத்தமங்கலம்: மாமனார் தவறிட்டாக, பீரோவுல 2009ல போட்ட ரசீது ஒண்ணு கிடைச்சிருக்கு. இனிமே ஏதாச்சும் வருமா?

வரும்மா, பயப்படாதீங்க. பத்து வருஷம் யாரும் கேக்கலேன்னா பணம் ரிசர்வ் பேங்க் ஃபண்டுக்குப் போயிரும், ஆனா வாரிசு எப்ப வேணாலும் பேங்க் வழியாவே கேட்டு வாங்கலாம். வேற பேங்க்லயும் இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா ரிசர்வ் பேங்கோட உத்கம் சைட்ல பேரப் போட்டுத் தேடுங்க. நாமினின்னு பேர் இருக்கறவங்க கையில பணத்தக் குடுப்பாங்க, அதுக்காக அது அவங்களுக்கே சொந்தம்னு ஆகாது, பங்காளிங்ககிட்ட இத மொதல்லயே பேசிக்கங்க. இறப்புச் சான்றிதழ், உங்க ஆதார், அந்த ரசீது மூணையும் எடுத்துக்கிட்டுத் திங்கக்கிழமை காலையிலேயே போங்க, ஒரிஜினல மட்டும் ஜெராக்ஸ் எடுக்காமக் குடுத்துராதீங்க.