நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சைக்கிள் மேனேஜர் லீக்கில் ரைடர் பயிற்சிக்கு என்ன விதி, எவ்வளவு விலை வைக்கலாம்?

ஆறு பேர், ப்ரோ சைக்கிளிங் மேனேஜர் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு (சைக்கிள் பந்தய அணியை நடத்துவது), ஆளுக்கு 50 லட்சம் விளையாட்டுப் பணம். ஒரு ரைடரின் திறனை ஒரு புள்ளி ஏற்ற எல்லாவற்றுக்கும் 1 லட்சம் என்று ஒரே விலை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். நாங்கள் அதைத்தான் செய்து முதல் சீசனைக் கெடுத்துக்கொண்டோம்.

நாங்கள் ஒன்பது பேர். பெரம்பூரில் தொடங்கி வேளச்சேரி வரை சிதறிக் கிடக்கிறோம். அதில் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிஜமாகவே ஈசிஆரில் சைக்கிள் மிதிப்பவர்கள், மற்றவர்கள் மடிக்கணினியில் மட்டும். ஏலத்தில் ரைடர்களை எடுப்போம், ஆளுக்கு 100 லட்சம், பந்தயத்தைக் கம்ப்யூட்டரே ஓட்டிக்கொள்ளும். சீசன் முடிந்ததும் யார் யாருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்று பார்த்து டேட்டாபேஸில் எண்களை மாற்றுவது என் வேலை. தனியாக ஆடும்போது பயிற்சியாளரை வேலைக்கு எடுப்பது, கேம்ப் அனுப்புவது எல்லாம் இருக்குமே, அதை லீக்கில் தொடவே வேண்டாம், கணக்கு கையை மீறிப் போய்விடும்.

முதல் சீசனில் எந்தத் திறனாக இருந்தாலும் புள்ளிக்கு 2 லட்சம். பெரம்பூர் நண்பன் மலையேற்றம் 76 உள்ள ஒருவனை 9 லட்சத்துக்கு எடுத்து, 8 லட்சம் செலவு செய்து 80 ஆக்கிவிட்டான். அதே 80 உள்ளவனை நான் ஏலத்தில் 35 லட்சம் கொடுத்து எடுத்திருந்தேன். பெரம்பூர்க்காரனுக்கு ஆன மொத்தச் செலவு 17 லட்சம்தான். மிச்சப் பணத்தில் இன்னொருவனையும் அதேபோல ஏற்றி, மலை ஸ்டேஜ் (பல நாள் பந்தயத்தில் ஒரு நாள் ஓட்டம்) ஒவ்வொன்றிலும் இரண்டு பேரை வைத்து என்னை மாறி மாறி அடித்தான். தப்பு அவன்மேல் இல்லை, விதி எழுதினவன் நான்தான்.

பிரச்சினை எங்கே என்றால், இந்த விளையாட்டில் திறன்கள் 50-லிருந்து 85 வரை. 64-ஐ 65 ஆக்கினால் யாருக்கும் தெரியாது, அவன் அப்போதும் கூட்டத்தின் வாலில்தான் வருவான். 79-ஐ 80 ஆக்கினால் கடைசி மலையின் கடைசி 3 கிலோமீட்டரில் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள். ஒரு புள்ளிதான், ஆனால் மதிப்பு ஒன்றில்லை. அதனால் இரண்டாம் சீசனிலிருந்து, போய்ச் சேரும் எண்ணை வைத்து விலை. 65 வரை புள்ளிக்கு 1 லட்சம், 66 முதல் 70 வரை 2, 71 முதல் 75 வரை 4, 76 முதல் 78 வரை 8, 79-க்கும் 80-க்கும் தலா 15. அதற்கு மேல் பயிற்சியே கிடையாது, 81 வேண்டுமென்றால் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். இப்போது அதே 76-ஐ 80 ஆக்க 8, 8, 15, 15, ஆக 46 லட்சம். ஏலத்தில் வாங்குவதே மலிவு!

அப்புறம் யார்தான் பயிற்சி கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இளைஞர் சலுகை, 22 வயது வரை பாதி விலை. அதே 76 உள்ளவன் இளைஞனாக இருந்தால் வாங்கிய விலை 9, பயிற்சி 23, மொத்தம் 32. ஏல விலைக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, அவ்வளவுதான் இருக்க வேண்டும். வயதைப் பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுங்கள். நிஜ சைக்கிள் பந்தயத்திலும் அண்டர்-23 என்றால் ஆண்டுக் கணக்குதான், தேதி பார்ப்பதில்லை. நாங்கள் தேதி பார்த்து, அக்டோபரில் பிறந்த ஒருவனுக்காக இரண்டு நாள் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டோம்.

வயதானவர்களுக்கு முதலில் முழுத் தடை வைத்திருந்தேன், 32-க்கு மேல் பயிற்சி கிடையாது என்று. உடனே ஒருவர் கிறிஸ் ஹார்னர் 41 வயதில் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுயெல்டாவை 2013-ல் ஜெயித்ததை எடுத்துப் போட்டார், இன்னொருவர் 2024-ல் 39 வயதில் டூர் டி பிரான்ஸில் 35-ஆவது ஸ்டேஜை ஜெயித்த காவெண்டிஷைக் கொண்டுவந்தார். பதில் சொல்ல முடியவில்லை. தடையை எடுத்துவிட்டு இரட்டை விலை வைத்தேன். இதுவரை ஒரே ஒருவர்தான் கட்டினார், அதுவும் காவெண்டிஷ்மேல் உள்ள பாசத்தில்.

திறனுக்குத் திறன் விலையை மாற்றலாமா என்றால், யோசித்துச் செய்யுங்கள். பாவுகல் பாதையில், அதாவது கல் பதித்த சாலையில், ஓடும் பந்தயங்கள் குறைவாயிற்றே என்று அந்தத் திறனுக்குப் பாதி விலை போட்டேன். எங்கள் குழுவில் ஆடிட்டர் ஒருவர் இருக்கிறார், சொல்ல வேண்டுமா? மூன்று பேரை அதில் ஏற்றி, கல் பாதைப் பந்தயங்களான பிளாண்டர்ஸ், பாரிஸ்-ரூபே இரண்டையும் அள்ளிவிட்டார். பாரிஸ்-ரூபேயில் சுமார் 260 கிலோமீட்டரில் 55 கிலோமீட்டர்தான் கல் பாதை, ஆனால் எங்கள் லீக்கில் அதுவும் பெரிய பந்தயம், ஜெயித்தால் முழு லீக் புள்ளி. நான் அதை மறந்தேன், அவர் மறக்கவில்லை. இப்போது எல்லாத் திறனுக்கும் ஒரே அட்டவணை, மீட்சித் திறன் (ஒரு நாள் களைப்பிலிருந்து மறுநாளுக்குள் தேறுவது) மட்டும் ஒன்றரை மடங்கு, ஏனென்றால் 21 ஸ்டேஜ் ஓடும் பந்தயத்தின் மூன்றாவது வாரத்தில் அது செய்கிற வேலை அப்படி.

எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு வேண்டும். ஒரு ரைடருக்கு சீசனுக்கு 4 புள்ளி, அதுவும் இரண்டு திறன்களில் மட்டும், ஓர் அணிக்கு மூன்று ரைடர். இல்லையென்றால் எல்லோரும் எல்லாத் திறனும் உள்ள ஒரு வவுட் வான் ஆர்ட்டைச் செய்யப் பார்ப்பார்கள். அந்த மனுஷன் 2021 டூரில் வான்டூ மலை ஸ்டேஜ், டைம் டிரயல் (தனித்தனியாக நேரத்தோடு ஓடுவது), கடைசி நாள் ஸ்பிரின்ட் மூன்றையும் ஜெயித்தார். உலகத்துக்கு ஒருவர் அப்படி இருந்தால் அழகு, அணிக்கு ஒருவர் இருந்தால் ஏலம் எதற்கு? பயிற்சி கொடுத்தவனை அடுத்த ஒரு சீசனுக்கு விற்கக் கூடாது என்றும் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் அது வியாபாரமாகிவிடும்.

பயிற்சிப் பட்டியல் கொடுக்கக் கடைசி நேரம் என்று ஒன்றை எழுதும்போது கவனம். எங்களுக்கு ஞாயிறு இரவு 12 மணி. ஒருமுறை 12:03-க்கு அம்பத்தூரிலிருந்து ஒரு மெசேஜ், மழையில் கரண்ட் போய்விட்டதாம். அதற்குள் மற்றவர்களின் பட்டியலை நான் குழுவில் போட்டுவிட்டேன், அதாவது யார் யாரை ஏற்றினார்கள் என்று பார்த்த பிறகு அவர் பட்டியல் வருகிறது. கரண்ட் போனது உண்மைதான், எங்கள் தெருவிலும் இல்லை. ஆனாலும் ஏற்கவில்லை, ஒரு மாதம் பேசவில்லை அவர். இப்போது கூகுள் ஃபார்ம், யார் என்ன கொடுத்தார்கள் என்று எனக்குக்கூட மறுநாள் காலைதான் திறக்கும்.

உங்களுக்கு ஆளுக்கு 50 லட்சம்தான் என்பதால் என் அட்டவணையை அப்படியே பாதியாக்கிக்கொள்ளுங்கள், 79-க்கும் 80-க்கும் தலா ஏழரை வரும். முதல் ஏலம் முடிந்ததும் 80 உள்ள மலையேறி உங்களிடம் உண்மையில் என்ன விலைக்குப் போனான் என்று பார்த்து, அந்தக் கடைசி இரண்டு படிகளை மட்டும் ஏற்றி இறக்குங்கள், மற்றதைத் தொட வேண்டியிருக்காது.