கார்பைடு சுரண்டிக்குக் கூர் ஏற்றுவது எப்படி?

கேள்வி: டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில், வீட்டுக் கராஜில் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். பழைய லேத் ஒன்றின் வார்ப்பிரும்புச் சறுக்குப் பரப்புகளைக் கையால் சுரண்டிச் சமன்செய்து வருகிறேன். கார்பைடு முனையுள்ள சுரண்டியைப் பெஞ்ச் கிரைண்டரில் பச்சைக்கல் பூட்டிச் சாணை பிடித்தாலும், சிறிது நேரத்திலேயே அது வழுக்குகிறது; பரப்பில் மெல்லிய கீறல்களும் விழுகின்றன. வைரச் சக்கரம் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: தாங்கள் சொல்லும் கீறல்களிலேயே காரணம் தெரிகிறது. சுரண்டியின் விளிம்பில் ஊசிமுனை அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தாலும், அதன் தடம் ஒவ்வொரு தள்ளலிலும் பரப்பில் கோடாக விழும். கார்பைடு என்பது டங்ஸ்டன் கார்பைடுத் துகள்களைக் கோபால்ட்டால் பிணைத்த பொருள். கிரைண்டரோடு வரும் சாம்பல்நிற அலுமினியம் ஆக்சைடுக் கல் அதைச் சூடாக்குமே தவிரச் சரியாக அறுக்காது. சிலிக்கான் கார்பைடாலான பச்சைக்கல் அறுக்கும், ஆனால் விளிம்பைப் பொடிப்பொடியாகப் பெயர்த்துவிடும். ஆகவே பச்சைக்கல்லை முனைக்கு உருவம் கொடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வைரத்தைச் சக்கரமாகவே வாங்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கடைசி மெருகு வைரத்தால்தான் ஏற வேண்டும்.

அதற்கு வார்ப்பிரும்பு வட்டு ஒன்றைச் சமமாகக் கடைந்து, 3 முதல் 6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவு வைரத்துகள் கலந்த பசையை மிகக் கொஞ்சமாகத் தடவி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 சுற்று வேகத்தில் ஓடவிட்டால் போதும். பெஞ்ச் கிரைண்டரின் தண்டிலேயே இவ்வட்டைப் பூட்ட வேண்டாம். நம் தென்னாப்பிரிக்காவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது ஏறத்தாழ 2,850 சுற்று ஓடுவதால், பசை சிதறிப் போகும். மின்சாரம் நிற்கும் வேளையில், நுண்மணி வைரத் தகட்டில் கையாலேயே தேய்த்தும் இவ்வேலையை முடிக்கலாம்.

கோணத்தைப் பலர் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம். வார்ப்பிரும்புக்கு, முனையின் இரு பக்க விளிம்புகளும் 90 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 95 டிகிரியாக இருக்க வேண்டும். எனவே கிரைண்டரின் தாங்குமேசையை 5 டிகிரி சாய்த்து, ஒரு பக்கம் முடிந்ததும் சுரண்டியைப் புரட்டி மறுபக்கத்தையும் தீட்டுங்கள். முனை நேர்கோடாக இருந்தால் மூலைகள் பரப்பைக் குத்தும். ஆகையால் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் ஆர வளைவு கொடுத்து, பரப்பில் எஞ்சும் நுண்ணிய மேட்டுப் புள்ளிகளைச் சுரண்டும் கட்டத்தில் இன்னும் சிறிய ஆரத்துக்குப் போகலாம். முனையை மட்டும் மெருகேற்றினால் போதாது, அதைச் சந்திக்கும் இரு தட்டைப் பரப்புகளையும் அதே வட்டில் மெருகேற்றுங்கள். விளிம்பு என்பது இரண்டு பரப்புகள் கூடும் இடம், ஒன்று சொரசொரப்பாக இருந்தாலும் விளிம்பு சொரசொரப்பாகவே அமையும்.

பிற்பாடு வைரச் சக்கரம் வாங்கினால், பற்றவைத்த முனையின் எஃகுத் தண்டு அதில் உரசாதபடி, அவ்வெஃகை முதலில் சாதாரணக் கல்லில் ஒதுக்கிவிடுங்கள். சூடேறிய இரும்பில் வைரம் விரைவாகத் தேயும். சூடான கார்பைடைத் தண்ணீரில் தோய்த்தால் மயிரிழை வெடிப்புகள் தோன்றும், தானாக ஆறவிடுங்கள். கோபால்ட் கலந்த தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால், மூடிய கராஜில் முகமூடி இல்லாமல் ஒருபோதும் தீட்ட வேண்டாம்.

வேலைக்கு நடுவே, விளிம்பை வெளிச்சத்தில் பிடித்து 10 மடங்கு உருப்பெருக்கியால் பாருங்கள். வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கியிருக்கிறது, வட்டில் சற்று நேரம் தீட்டினால் சரியாகிவிடும். சில்லு பெயர்ந்திருந்தால் மட்டும் மறுபடி கல்லுக்குப் போங்கள்.